எருக்குழியில் இரண்டு புழுக்கள்

சதுரங்கப்பட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் எருக்குழியைக் கிளறினால், விரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் புரண்டு விழும். பழுப்புத் தலை, அரைவட்டமாகச் சுருண்ட உடல். பார்த்ததும் மண்வெட்டியால் நசுக்கிவிடுகிறோம். அவற்றில் குற்றமற்றவையும் உண்டு.

ஒரு புழுவைச் சமதரையில் விட்டுப் பாருங்கள். கால்களை மேலே வைத்துக்கொண்டு முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூவண்டின் புழு. மக்கிய குப்பையைத் தின்று எருவாக்குவது அதன் வேலை; விட்டுவிடலாம். ஊராமல் பக்கவாட்டில் சுருண்டே கிடந்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கக்கூடும். அது வளர்ந்து வண்டானதும் தென்னங்குருத்தைத் துளைக்கும். பிறகு ஓலை விரியும்போது கத்தரியால் நறுக்கியதுபோல முக்கோண வெட்டுகள் தெரியும். அப்புறம் மரமேறிக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டியதுதான்.

இரண்டுமே ஸ்காரப் குடும்பத்து வண்டுகள். உலகில் 30,000 இனங்களுக்கு மேல் உள்ள பெருங்குடும்பம் அது. குடும்ப அடையாளம் உணர்கொம்பில் இருக்கிறது: நுனியில் விசிறிபோல விரிந்து மடியும் தகடுகள். பிள்ளைகள் தீப்பெட்டியில் வளர்க்கும் பொன்வண்டுக்கு இந்த விசிறி கிடையாது. அது வேறு குடும்பம்.

குடும்பம் தெரிந்த பிறகுதான் வேலை கடினமாகிறது. சாணி வண்டின் நடுக்கால்கள் விலகி நிற்கும். பூவண்டு மேலிறக்கையைத் திறக்காமலே பறக்கும். கோடைமழைக்குப் பின் இரவில் வேப்பமரத்தை மொய்க்கும் பழுப்பு வண்டுகளோ அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். நிலக்கடலை வேரைத் தின்னும் வேர்ப்புழு இவற்றின் இளம்பருவம்தான். பல இனங்களை ஆணின் இனவுறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும்.

சதுரங்கப்பட்டினம் இருக்கும் இந்தக் கடற்கரையின் வண்டுகளுக்கு அறிவியல் பெயர் வந்த கதையில் தெற்கே உள்ள தரங்கம்பாடிக்குப் பெரும்பங்கு உண்டு. 1768ல் அங்கே வந்த மருத்துவர் கொனிக், இயற்கை அறிஞர் லின்னேயஸின் மாணவர். அவர் சேகரித்த பூச்சிகளை அதே ஆசிரியரின் இன்னொரு மாணவரான ஃபாப்ரீசியஸ் ஐரோப்பாவில் ஆராய்ந்தார். 1775ல் ஒரு சாணி வண்டுக்குக் கொனிக்கின் பெயரையே சூட்டினார். பின்னாளில் லண்டன் அருங்காட்சியகத்தின் கில்பர்ட் ஆரோ இந்திய ஸ்காரப்களைப் பற்றி 1910, 1917, 1931 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் எழுதினார். அவை பெரும்பாலும் வளர்ந்த வண்டைக் கையில் வைத்திருப்பவருக்கே உதவும். தோப்புக்காரர் கையில் இருப்பதோ புழு.

அதற்கும் வழி இருக்கிறது. வால்நுனியின் அடிப்புறத்து மயிர் வரிசையை லென்ஸில் பார்த்து நிபுணர்கள் இனம் பிரிக்கிறார்கள். லென்ஸ் இல்லாதவர் அந்தக் குழி எருவோடு புழுவை ஒரு சட்டியில் மூடி வைத்து, ஈரம் காயாமல் சில மாதம் காத்திருக்கலாம். வெளிவரும் வண்டின் தலையில் கொம்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். காண்டாமிருக வண்டில் ஆணுக்கு அது நீளம், பெண்ணுக்குக் குட்டை.