கண்மாய்க் கரையில் மிதிவண்டி

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்

மிதிவண்டி என்றவுடன் நம்மில் பலருக்கும் பள்ளி நாட்கள் நினைவுக்கு வரும். பதினோராம் வகுப்பில் அரசு விலையின்றி வழங்கிய வண்டியில்தான் நம் கல்லூரி மாணவ மாணவியர் பலர் மேனிலைப் பள்ளிக்குச் சென்று வந்தோம். கல்லூரிக்கு வந்தபின் பேருந்து கிடைத்துவிட்டது. வசதியுள்ளவர்க்கு மோட்டார் சைக்கிளும் கிடைத்துவிட்டது. அந்த மிதிவண்டியோ மாட்டுக் கொட்டகையில் காற்றிறங்கிச் சாய்ந்து நிற்கிறது. அதனைத் துடைத்து மீண்டும் வெளியே எடுக்கத் தக்க காரணம் ஒன்று உண்டு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சரளைப் பாதைப் பயணம்

தார்ச் சாலையை விட்டு விலகி, சரளைக் கல் பரப்பிய பாதைகளிலும் மண் பாதைகளிலும் மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்லும் பழக்கம் அண்மைக் காலமாக மேனாடுகளில் பரவி வருகிறது. இத்தாலி நாட்டின் தஸ்கனிப் பகுதியில், கையோலே என்னும் சிற்றூரில் 1997-ஆம் ஆண்டு 'லெரோய்கா' என்னும் மிதிவண்டி விழாவைத் தொடங்கினர். திராட்சைத் தோட்டங்களுக்கிடையே செல்லும் வெண்ணிறச் சரளைப் பாதைகள் தாரில் மறைந்துவிடாமல் காக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று உலகின் பல பகுதிகளிலிருந்தும் பழைய வண்டிகளுடன் மக்கள் அங்கே கூடுகின்றனர். 2022-ஆம் ஆண்டு சரளைப் பாதை மிதிவண்டிப் போட்டிக்கு முதன்முதலாக உலகச் சாம்பியன் பட்டம் வழங்கப்பட்டதும் இத்தாலியில்தான்.

பிரான்சு நாட்டில் தூலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்லும் 'கனால் தூ மிதி' என்னும் கால்வாய் 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். படகுகளை இழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதையில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. பழைய மதகுகளையும் பாலங்களையும் கரையோரத்துச் சிற்றூர்களையும் பார்த்தபடியே பயணிகள் நாட்கணக்கில் போகிறார்கள். 1996-இல் அக்கால்வாய் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இச்செய்திகளைப் படித்தபோது எனக்கு நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் கண்மாய்க் கரைகளே கண்முன் நின்றன. கரைப்பாதை, மதகு, பழைய ஊர் ஆகிய மூன்றும் இங்கே இல்லையா? வண்டியும் நம்மிடம் இருக்கிறதே!

நம் வண்டி போதுமா?

இப்பயணத்திற்கென்றே மேனாட்டில் தனி வண்டிகள் செய்கிறார்கள். அவற்றின் எடை ஏறத்தாழ 10 கிலோ. டயரின் அகலம் பெரும்பாலும் 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை. விலையைக் கேட்டால் நம் பெற்றோர் மயங்கி விழுவர். இனி நம் ஊர்ச் சைக்கிள் கடையில் தொங்கும் பெரிய டயரைப் பாருங்கள். '28 × 1½' என்று அதில் அச்சிட்டிருக்கும். ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். அதாவது, நம் தாத்தாமார் பருத்திப் பொதியையும் தவிட்டு மூட்டையையும் ஏற்றிச் சென்ற கறுப்பு வண்டியின் டயர், மேனாட்டார் சரளைக்கென்று தேர்ந்தெடுத்த அதே அகலம் உடையது.

டயர் அகலமாக இருக்க வேண்டியது ஏன்? காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால், கல்லின்மேல் ஏறும்போது அகலமான டயர் தானே நெளிந்து கொடுக்கும். ஒல்லியான டயரில் காற்றை இறுக அடைத்தாலோ ஒவ்வொரு கல்லும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அவ்வாறு தூக்குவதற்குச் செலவாவது நம் காலின் உழைப்பே. மணலிலும் அகலமான டயர் எடையைப் பரப்பித் தாங்குவதால் குறைவாகவே புதையும்.

பழைய வண்டிக்குக் குறைகளும் உண்டு. எடை ஏறத்தாழ 20 கிலோ, கியர் கிடையாது. ஆயினும் சமவெளியாகிய நம் சீமையில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது கண்மாய்க் கரை ஒன்றே. அதில் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுவதில் இழிவொன்றும் இல்லை.

கரை காட்டும் வழி

நம் பகுதி நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. ஓடிவரும் மழைநீரை மறித்து வளைவாக மண்கரை போட்டால் அது கண்மாய். ஆதலால் கரை எப்போதும் பள்ளமான பக்கத்தில், பெரும்பாலும் கிழக்கிலும் தெற்கிலும் அமைந்திருக்கும். கரையின் உட்புறம் நீர்பிடிப்பு, வெளிப்புறம் வயல். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் வரைபடம் இல்லாமலேயே திசை அறியலாம்.

கரையின்மேல் வண்டியை ஓட்டிச் சென்றால் முதலில் மடை வரும். இரண்டு கற்றூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கல்லுமாக அது நிற்கும். வயலுக்கு நீர் திறப்பது அதன் வழியே. கரையோரத்தில் ஐயனார் கோயிலும் மண் குதிரைகளும் இருக்கும். கரையைப் பிடித்து நிற்கப் பனைகள் வளர்த்திருப்பார்கள். கரையின் கோடியில் கலுங்கு காணப்படும். கண்மாய் நிறைந்தபின் மிகுதி நீர் அதன் வழியே வெளியேறும்.

பயணம் செய்வோர்க்கு மிகவும் பயன்படும் செய்தி இனித்தான் வருகிறது. கலுங்கில் வழிந்த நீர் வீணாகப் போவதில்லை. வாய்க்கால் வழியே கீழே உள்ள அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. அந்த வாய்க்காலை ஒட்டிப் பெரும்பாலும் ஒரு வண்டிப்பாதை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு சென்றால் அடுத்த கண்மாயும் அடுத்த பழைய ஊரும் வந்து சேரும். தார்ச் சாலை போடுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நீர் போட்டுவைத்த சாலை இது. மோட்டார் வண்டியின் வேகத்தில் மடையும் கலுங்கும் கண்ணில் படமாட்டா. நடந்து சென்றாலோ ஒரு நாளில் இரண்டு கண்மாய்க்குமேல் பார்க்க இயலாது. மிதிவண்டி இவ்விரண்டிற்கும் நடுவே நின்று உதவுகிறது.

வழியிலுள்ள ஊர்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி ஏறத்தாழ 15 கிலோமீட்டர். நெசவுத் தறிகளின் ஓசை கேட்கும் தெருக்களை விட்டு வெளியேறினால் கரிசல் நிலம் தொடங்குகிறது. பருத்தி, கம்பு, சோளம், மல்லி, குதிரைவாலி என்று பருவத்திற்கேற்ப நிலம் நிறம் மாறும்.

திருச்சுழி குண்டாற்றின் கரையில் அமைந்த தலம். சுந்தரர் தேவாரம் பெற்றது. பிரளய வெள்ளத்தை இறைவன் சூலத்தால் நிலத்தைத் துளைத்துச் சுழித்து உள்ளே போகச் செய்தான் என்பது தலபுராணம். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆற்றின் கரையில் வெள்ளத்தின் பெயரால் ஓர் ஊர் இருப்பது சிந்திக்கத் தக்கது. இரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று பிறந்ததும் இவ்வூரில்தான். அவர் பிறந்த இல்லத்தைச் சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் காக்கின்றனர்.

திருச்சுழியை அடுத்துள்ளது பள்ளிமடம். இங்குள்ள காளைநாதர் கோயில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உடையது. அரச குலத்தவர் நினைவாக எடுத்த பள்ளிப்படை என்று ஆய்வாளர் கருதுவர். இவ்விடத்தில் இன்னொரு செய்தியும் நினைவுகொள்ளத் தக்கது. மதுரைக்கு மேற்கேயுள்ள சமணர் மலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் வெண்பு நாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைக் குறிக்கின்றன. அப்பள்ளி இருந்தது நம் பகுதியில்தான். ஆசிரியரும் மாணாக்கரும் கூடிக் கற்ற பெரும் சமணப் பள்ளி அது. அதனைக் குறிக்கும் கல்வெட்டுகள் பள்ளிமடத்துச் சிவன் கோயிலிலும் காணப்படுகின்றன. நம் கல்லூரிக்கு ஆயிரம் ஆண்டு மூத்த கல்லூரி ஒன்று இந்த வறண்ட மண்ணில் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அருப்புக்கோட்டைக்கு மேற்கே விருதுநகர்ச் சாலையில் பாலவநத்தம் உள்ளது. 1901-ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூர் ஜமீன்தார் என்பதைத் தமிழ்த்துறை நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புறப்படும் முன்

தை, மாசி மாதங்களே இப்பயணத்திற்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாயில் நீரும் கரையில் பசுமையும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் பாதை ஆகாது. ஈரம் பட்டால் உப்பி ஒட்டிக்கொள்வது கரிசல் களிமண்ணின் இயல்பு. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அது அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது. வண்டி நம்மைச் சுமந்தது போய் நாம் வண்டியைச் சுமக்க நேரும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும். திருச்சுழிக்குப் போகும்போது தள்ளிவிடும் அந்தக் காற்றே திரும்பும்போது மார்பில் மோதும்.

சீமைக் கருவேல முள்ளுக்கு அஞ்சியே ஆகவேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான்களும் பம்பும் இன்றிக் கரையேறக் கூடாது. ஓட்டையைக் கண்டுபிடிக்க டியூபை நீரில் அமுக்குவதுதான் வழக்கம். நீர் இல்லாத இடத்தில் டியூபை உதட்டருகே கொண்டுபோனால் கசியும் காற்று தெரியும். முள்ளை டயரிலிருந்து பிடுங்காமல் ஒட்டிய டியூபை மாட்டினால் வேலை இரட்டிக்கும். ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர் வேண்டும். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது நலம்.

மறையும் பாதைகள்

விடுமுறை நாட்களில் நண்பர்கள் மூவர் இவ்வாறு சென்று வருகிறோம். "என்ன தம்பி, சர்வே எடுக்க வந்தீகளா?" என்பதே பல ஊர்களிலும் எங்களை வரவேற்கும் கேள்வி. இல்லை, கண்மாய் பார்க்க வந்தோம் என்றால் சிரிப்பார்கள். பிறகு அவர்களே கூட வந்து காட்டுவார்கள். முன்பு ஊர்தோறும் நீர்பாய்ச்சி இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் நாள்தோறும் நடந்ததாலேயே கரையில் பாதை இருந்தது. இன்று நீர்பாய்ச்சிகள் அருகிவிட்டனர். ஆள் நடக்காத கரையில் சீமைக் கருவேல் மண்டுகிறது. 2017-இல் அதனை அகற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அதே ஆண்டு குடிமராமத்துத் திட்டமும் தொடங்கியது. எனினும் வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்ப்பதே அந்த மரத்தின் குணம். மக்கள் நடமாட்டம் இருந்தால்தான் பாதை நிலைக்கும்.

பாதை மறைந்தால் மடையும் மறைகிறது. ஓர் ஊரில் உடைந்த மடைக்கல் ஒன்று துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் தேய்ந்த எழுத்துகள் தெரிந்தன. துவைத்துக்கொண்டிருந்த ஆத்தாவிடம் சொன்னோம். "இது எழுத்தா? கோழி கிளறுன தடமுன்னுல்ல நெனச்சேன்" என்று வியந்தவர், துணியை அள்ளிக்கொண்டு வேறு கல்லுக்குப் போய்விட்டார். கல் காப்பாற்றப்பட அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. சொல்ல ஆள் வராததே குறை.

மாணவ நண்பர்களே! இந்த வேலையை நாம் செய்யலாம். ஒரு குறிப்பேட்டில் ஊர்ப்பெயர், கண்மாயின் பெயர், மடைகளின் எண்ணிக்கை, எழுத்துள்ள கற்கள் இருக்குமிடம் ஆகியவற்றை எழுதினால் போதும். கரையின் நீளத்தை அளக்க நாடா வேண்டியதில்லை. 28 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 2¼ மீட்டர் நகரும். சக்கரக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி எண்ணிக்கொண்டே சென்றால் ஏறத்தாழ 445 சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர். கல்லில் எழுத்து இருந்தால் சுரண்டவோ சுண்ணாம்பு பூசவோ கூடாது. பேராசிரியரிடம் தெரிவித்தால் மைப்படி எடுக்கத் தொல்லியல் துறையை அணுகுவார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். ஆகவே இந்தப் பயணம் மாணவிகளுக்கு ஆகாது என்று எவரும் சொல்ல வேண்டாம். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் ஞாயிறு, காலை ஐந்தரை மணிக்குக் கல்லூரி வாயிலிலிருந்து புறப்படுகிறோம். வண்டிக்குக் காற்றடித்து வாருங்கள். சற்றுக் குறைவாகவே அடியுங்கள்.