பெரிய மீன்தொட்டி: நீர்த்தெளிவும் நீர்ச்செடி அழகும்

சங்க விற்பனைக் கூடங்களின் முகப்பில் பெரிய மீன்தொட்டி ஒன்று அமைக்க வேண்டுமென்னும் விருப்பம் அங்கத்தினரிடையே வளர்ந்து வருவதைத் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் நாம் காண்கிறோம். விருப்பம் நல்லதே. ஆயினும், மூன்றாம் வாரமே மீன்கள் ஒவ்வொன்றாய் மடிய, செடிகள் அழுக, இறுதியில் தொட்டி நூற்கண்டுகள் அடுக்கும் பெட்டியாய் முடிந்ததையும் கண்டதுண்டு. அங்கத்தினர் பணமும் வாயில்லா உயிர்களும் ஒருங்கே வீணாதல் தகாது. தொட்டி வாங்குமுன்பே திட்டமிடுவோமாயின் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

மீன் மடிவதேன்?

மீன்கள் அமோனியாவைக் கழிக்கின்றன. மிஞ்சிய தீனியும் அழுகி அதனையே தருகிறது. இது கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகையின அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ பெரிதும் தீங்கற்றது, செடிகளுக்கு உரமுமாகும். புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதற்குள் மீன்களை நிரம்ப விடுவதே சாவுக்குக் காரணம்.

1850ஆம் ஆண்டில் லண்டன் இரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன், இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரே கலத்தில் வளர்த்த சோதனையை வெளியிட்டார். இலைகள் அழுகி நீர் கலங்கியபோது நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்ன, நீர் தெளிந்தது. மீன், செடி, கழிவுண்ணும் உயிர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

அளவும் எடையும்

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கன அளவு 24 கன அடி. அதாவது சுமார் 680 லிட்டர். சரளைக்கும் மேல்விளிம்புக்கும் இடம் விட்டால் நீர் ஏறக்குறைய 550 லிட்டர் நிற்கும். கண்ணாடி, கல், சரளை, பீடம் யாவும் சேர எடை ஒரு டன்னை நெருங்கும். ஆகவே தரையின் வலிமையை முதலில் சோதித்தல் அவசியம். வெயில் படும் சன்னலருகே வைத்தல் ஆகாது, பாசி பிடிக்கும்.

வடிகட்டும் அமைப்பு

இவ்வளவு பெரிய தொட்டிக்குப் பீடத்தினுள் ஓர் அடித்தொட்டி அமைத்தல் சிறந்தது. மேலிருந்து வழியும் நீர் முதலில் நுரைப்பஞ்சில் அழுக்கை விட்டு, பின்னர் நுண்ணுயிர் குடியிருக்கும் பீங்கான் வளையங்களினூடே சென்று, இறுதியறையிலுள்ள பம்பினால் மேலேறும். ஒரு மணிக்கு நான்கைந்து முறை நீர் சுற்றிவர வேண்டும். அஃதாவது 2,200 முதல் 2,750 லிட்டர். உயரம் ஏறும்போது பம்பின் வேகம் குறையுமாதலால், 3,000 லிட்டருக்கு மேற்பட்ட திறனுடையதை வாங்குக.

மின்சாரம் நின்றால் மேல்தொட்டி நீர் சிறிது கீழிறங்கும்; அதனை ஏற்க அடித்தொட்டியில் வெற்றிடம் விடுக. இல்லையேல் கூடம் நனையும். வளையங்களைக் குழாய்நீரில் கழுவற்க. குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. நீர் மேற்பரப்பை மிகக் கலக்கினால் செடிக்குரிய கரியமிலவாயு வெளியேறும். ஆதலின் நீர் அமைதியாய் விழும்படி குழாயைத் திருப்புக.

இயற்கை அலங்காரம்

ஜப்பானியரான தகாஷி அமானோ 2015இல் லிஸ்பன் நகர ஓசியனேரியத்தில் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் நீரும் கொண்டது. அங்கும் கல், மரம், செடி இவையே அலங்காரம்; வண்ணப் பொம்மைகள் இல்லை.

கருங்கல் ஏற்றது, நீரின் தன்மையை மாற்றாது. ஐயமுள்ள கல்லின்மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிக. நுரைத்தால் சுண்ணாம்பு உண்டென்று அறிந்து விலக்குக. பவளக்கல்லும் சிப்பியும் வேண்டா; பவளம் எடுப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. மரவேரைச் சில வாரம் நீரில் ஊறவைத்தால் சாயம் குறையும், மிதத்தலும் நீங்கும். பெரிய கல்லை நட்டநடுவே நிறுத்தாமல் ஒருபுறமாக, மூன்றிலொரு பங்கில் வைக்க. வெற்றிடமும் வேண்டும், உடல் எளிதாயிருந்தால்தானே சேலையில் கரையும் முந்தானையும் எடுப்பாய்த் தோன்றும்!

பின்புறம் உயர்ந்த வாலிஸ்நேரியாவையும், வேகமாக வளரும் வேலம்பாசியையும் நடுக. இவை அமோனியாவை நேரே உறிஞ்சும். நடுவில் கிரிப்டோகோரைன் பொருந்தும். நட்டவுடன் அதன் இலைகள் கரையக் கூடும். பிடுங்கற்க, வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஜாவா பெரணியின் கிழங்கைச் சரளையில் புதைத்தால் அழுகும். மரத்தில் நூலால் கட்டுக. விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் போதும்.

பொறுமையே மூலதனம்

செடிகளை நட்டு, வடிகட்டியை இயக்கி, தினமும் சிட்டிகைத் தீனி தூவிக் காத்திருக்க. சோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லையெனக் கண்ட பின்னரே, நாலைந்து மீன்களாக, வாரங்கள் இடைவிட்டுச் சேர்க்க. அதன்பின் வாரந்தோறும் கால்பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றி வருக.

வெறும் தொட்டியைப் பார்த்து வருவோர் நகைக்கலாம். பாவு ஓடி முடியுமுன் தறியில் துணியைத் தேடுவாரும் உளரோ? ஆறு வாரம் பொறுக்கும் சங்கம் பல்லாண்டு உயிரோவியம் ஒன்றைக் காணும்.