டர்போவை மாற்றுமுன் பழுதின் காரணத்தைத் தேடுவோம்

பொழுது புலருமுன் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு, தேக்கா நிலையத்திற்கும் சிராங்கூன் சாலைக் கடைகளுக்கும் வந்து சேரும் வண்டிகளுள் டீசலில் ஓடுபவை பல. தோட்டப் பராமரிப்பு, நீர்க்குழாய் வேலை, கட்டடப் பழுதுபார்ப்பு போன்ற தொழில்களில் ஈடுபட்டோருள் சிலர், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் டீசல் பிக்கப் வண்டிகளை வைத்திருக்கின்றனர். நம் குடியிருப்புப் பேட்டைகளில் வாழும் சிறுதொழில் நடத்துவோருக்கு இத்தகைய வண்டி நின்றால் அன்றைய வருவாயும் நின்றுவிடும். ஆகவேதான் பட்டறையில், "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொன்னவுடன் பலர் மறு கேள்வி கேளாமல் இசைந்துவிடுகின்றனர்.

இசைவது தவறன்று. ஆனால், பெருந்தொகை செலவிட்டுப் பொருத்திய புதிய டர்போ சில மாதங்களிலேயே மீண்டும் கெட்டுப்போவது உண்டு. டர்போ பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. வேறொன்று அதைக் கெடுக்கிறது. அந்த வேறொன்றை அப்படியே விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால் ஒரே செலவை இருமுறை செய்ய நேரும்.

டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணே போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுதியாகச் சென்றால் டீசலை மிகுதியாக எரிக்கலாம். சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வலிமையைப் பெறும். இம்முறைக்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் வலுவிழந்த விமான எஞ்சினுக்கு இது கைகொடுக்குமா என்று, 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைமீது ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் சோதித்துப் பார்த்தனர். நம் துறைமுகத்திற்கு வரும் பெருங்கப்பல்களின் டீசல் எஞ்சின்களிலும் டர்போ உண்டு. ஆளுயரத்தை மிஞ்சும் கப்பல் டர்போவும், இரு கைகளுக்குள் அடங்கும் பிக்கப் வண்டி டர்போவும் ஒரே நெறியில் இயங்குபவை.

வேகத்தில் மட்டும் சிறியது பெரியதை வென்றுவிடுகிறது. முழுச்சுமையில் ஓடும்போது சிறிய டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலும். ஒரு பக்கம் பல நூறு பாகை வெப்பமுள்ள புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இடையிலுள்ள தண்டைத் தாங்குவது இரும்புக் குண்டுகள் அல்ல. பெரும்பாலான டர்போக்களில் அது எண்ணெயின் மெல்லிய படலமேயாகும். ஒரு குறுகிய குழாய் வழியாக எஞ்சின் எண்ணெய் அழுத்தத்துடன் உள்ளே வருகிறது. தண்டையும் அதைச் சூழ்ந்த புஷ்களையும் நனைத்துக் குளிர்வித்துவிட்டு, அகன்ற மற்றொரு குழாய் வழியாகத் தன் எடையாலேயே கீழே வடிந்து எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்புகிறது. இந்த வரத்திலோ போக்கிலோ தடை நேர்ந்தால் டர்போவின் ஆயுள் முடிந்தது எனலாம்.

தேய்ந்த டர்போ தன் நிலையைப் பல வகையில் தெரிவிக்கும். சுமையோடு மேம்பாலம் ஏறும்போது வண்டி முன்போல் இழுக்காது. விசை மிதியை அழுத்தினால் ஊளையிடுவது போன்ற, முன்பு கேளாத ஒலி எழும். எஞ்சின் எண்ணெய் அடிக்கடி குறையும். ஆனால் தரையில் ஒழுகல் இராது. புகையின் நிறத்தையும் நோக்க வேண்டும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. தொடர்ந்து வெண்புகை வந்தால் எரியாத டீசலோ, எஞ்சினுக்குள் கசியும் குளிர்நீரோ காரணமாயிருக்கலாம். அதற்கு டர்போவைக் குறை கூறுவதற்கில்லை.

இங்குதான் பலர் வழிதவறுகின்றனர். வலிமைக் குறைவும் கரும்புகையும் டர்போவின் பழுதுக்கு மட்டும் உரியவை அல்ல. அடைபட்ட காற்று வடிகட்டி, டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையே வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், பழுதான இன்ஜெக்டர் ஆகிய யாவும் இதே அறிகுறிகளைத் தரவல்லவை. சில டாலர் விலையுள்ள ஒரு கிளிப்புக்காக டர்போவையே மாற்றியவர்களும் இருக்கின்றனர். இக்கால டர்போக்கள் பலவற்றில், புகை பாயும் வழியைச் சுருக்கி விரிக்கும் சிறு தகடுகள் உள்ளன. கரி படிந்து அவை அசையாமற் போனாலும் வண்டி வலுவிழக்கும்; ஆயினும் தண்டு நல்ல நிலையில் இருக்கலாம். நகரத்துள் குறுந்தொலைவு மட்டும் ஓடி, நின்று நின்று செல்லும் வண்டிகளில் இக்கரி விரைவில் சேரும். இத்தகைய டர்போவைத் தேர்ந்த பட்டறையில் கழற்றித் தூய்மை செய்தாலே போதுமான வேளைகளும் உண்டு.

உண்மையில் தேய்ந்திருப்பது தண்டுதானா என்று அறியக் கையே போதும். எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே இச்சோதனையைச் செய்ய வேண்டும். ஓடும் எஞ்சினில் ஒருபோதும் கூடாது. காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றினால் காற்றை அழுத்தும் சக்கரம் கண்ணுக்குத் தெரியும். அதன் இதழ்களில் ஏதேனும் முறிந்தோ, மழுங்கியோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறிருப்பின் தூசியோ கல்லோ உட்புகுந்திருக்கிறது. வடிகட்டியையும் அதன் பெட்டியையும் சோதிக்க வேண்டும். பின்னர்ச் சக்கரத்தை விரலால் சுழற்றினால் அது தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் சிறிதளவு ஆட்டம் தெரியும். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தண்டுக்கு அது இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அப்படி அசைக்கும்போது இதழ்கள் சுற்றுச்சுவரில் உரசலாகாது. தண்டை முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால், விரலுக்குத் தெளிவாகத் தெரியும் ஆட்டமே இருத்தலாகாது. அதற்கான அளவு பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தகைய ஆட்டம் உணரப்பட்டால் டர்போ தேய்ந்துவிட்டது என்று துணியலாம். குழாயின் உட்புறம் இலேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது மட்டும் பழுதுக்குச் சான்றாகாது. எஞ்சினுள் எழும் ஆவி அவ்வழியே செல்வதால் எண்ணெய் ஓரளவு படிவது இயற்கை.

மிகத் தேய்ந்த டர்போவோடு வண்டியை ஓட்டுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அடைப்பு உடைந்து, எஞ்சின் எண்ணெய் காற்றோடு கலந்து உள்ளே பாய்ந்தால், டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரித்துத் தானாக வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது; டீசல் வரத்து நின்றும் எரிபொருள் நிற்கவில்லை அன்றோ! கையால் கியர் மாற்றும் வண்டியாயின், நின்ற நிலையில் பிரேக்கை முழுவதும் அழுத்தி, உயர்ந்த கியரில் இட்டுக் கிளச்சை விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். தானியங்கிக் கியர் வண்டியில் இவ்வழி இல்லை. வண்டியை நிறுத்தி, யாவரையும் விலக்கிவிட்டு, 995ஐ அழைப்பதே தக்கது. காற்று உறிஞ்சும் வாயைக் கையாலோ துணியாலோ அடைக்க முனைவது விரலுக்கும் உயிருக்கும் கேடாகும்.

இனி, டர்போவைக் கெடுப்பவை எவை என்று காண்போம். முதலாவது எண்ணெய். உரிய காலத்தில் மாற்றப்படாத எண்ணெய் கரிபிடித்துக் கெட்டியாகி, டர்போவுக்குச் செல்லும் குறுகிய குழாயை அடைத்துவிடும். வெளிப்பார்வைக்கு நன்றாயிருக்கும் அக்குழாயை வெட்டிப் பார்த்தால் ஊசி நுழையுமளவே வழி எஞ்சியிருப்பதும் உண்டு. சில நேரங்களில் மூலகாரணம் இன்னும் தொலைவில் இருக்கும். டொயோட்டாவின் 1கேடி வகை டீசல் எஞ்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் முற்பட்ட எஞ்சின்கள் சிலவற்றில் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்து, எரிபுகை எண்ணெயில் கலந்து கரியை உண்டாக்கியது. அக்கரி எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள சல்லடையை அடைத்தது. எண்ணெய் வரத்துக் குறைந்தது, டர்போ கெட்டது, சில வண்டிகளில் எஞ்சினே கெட்டது. இன்ஜெக்டர் வளையத்தைக் கவனியாமல் டர்போவை மட்டும் மாற்றியவருக்கு மிஞ்சியது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் திரும்பி வடியும் குழாய் நசுங்கியிருந்தாலும், எஞ்சினின் ஆவிக்குழாய் அடைபட்டிருந்தாலும், வடிய வேண்டிய எண்ணெய் தேங்கி டர்போவின் இரு பக்கமும் ஒழுகும். இவ்வேளையில் நல்ல டர்போவும் கெட்டதுபோல் தோன்றும்.

மாற்றும் வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே முறை. ஆயினும் என்ன நடக்க வேண்டும் என்பதை உரிமையாளர் அறிந்திருத்தல் நல்லது. பழைய எண்ணெயும் அதன் வடிகட்டியும் மாற்றப்பட வேண்டும். எண்ணெய் வரும் குழாயைக் கழுவிப் பொருத்துவதைவிடப் புதிதாகப் போடுவதே மேல். அதன் விலை டர்போவின் விலையோடு ஒப்பிடத் தக்கதன்று. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிச் சல்லடையைக் காண வேண்டும். உடைந்த இதழ்த் துண்டுகளும் ஒழுகிய எண்ணெயும் இன்டர்கூலரில் தங்கியிருக்கும். அதைக் கழுவாவிடில் அத்துண்டுகள் எஞ்சினுக்குள் செல்லும். எண்ணெய் செல்லும் இணைப்புகளில் சிலிக்கோன் பசை தடவலாகாது. பிதுங்கிய பசை உதிர்ந்து துளையை அடைத்துவிடும். ஆதலால் புதிய கேஸ்கட்டே போட வேண்டும்.

பொருத்திய பின் எஞ்சினை உடனே முடுக்குவது பெருந்தவறு. டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெயை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சிலமுறை சுழற்ற வேண்டும். டீசல் செல்லாதவாறு செய்து எஞ்சினைச் சிறிதுநேரம் சுற்றினால் குழாய் முழுவதும் எண்ணெய் நிறையும். அதன்பின் இயக்கி, சில நிமிடம் விசை மிதியைத் தொடாமல் ஓடவிட்டு, ஒழுகல் உண்டா என்று பார்க்க வேண்டும். உலர்ந்த தண்டு சில நொடிகள் முழுவேகத்தில் சுழன்றாலே போதும். புதிய டர்போ பழையதாகிவிடும்.

முழுப் புதிய டர்போ வாங்குவதா, நடுப்பகுதியை மட்டும் மாற்றிப் புதுக்கியதை வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. புதுக்கியது விலை குறைவு. எந்திரத்தில் சுழற்றிச் சமநிலை பார்க்கப்பட்டதாயின் நன்றாகவே உழைக்கும். சமநிலை பார்த்ததற்குச் சான்று தராதவரிடம் வாங்குவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பழைய பொருள் தேடுவோர் ஒருகாலத்தில் நாடிய சுங்கை சாலைச் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டது. சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் முதலிய தொழிற்பேட்டைகளில் இன்று பட்டறைகள் அடுத்தடுத்து இருப்பதால், இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்பது எளிது. வண்டிக்குரிய அதே வகை டர்போவையே போட வேண்டும். அதனினும் பெரியதைப் போட்டு வலிமை கூட்டுவது எஞ்சின் மாற்றமாகிவிடும்; நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலின்றி அதைச் செய்யலாகாது.

வண்டியின் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ் முடிய ஓராண்டே இருக்குமாயின், புதுப்பிக்கும் எண்ணம் உண்டா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு டர்போவைப் பற்றிப் பேசலாம். அதுவரை புகையோடு ஓட்டிக் காலம் கடத்தலாம் என்று எண்ணுவதற்கில்லை. சரக்கு வண்டிகளுக்கான கட்டாயச் சோதனையில் புகையும் அளக்கப்படுகிறது; சாலையில் புகை கக்கும் வண்டிகள்மீது தேசியச் சுற்றுப்புற வாரியம் நடவடிக்கை எடுக்கிறது.

புதிய டர்போவைப் பேணுவது பற்றி ஒரு சொல். விரைவுச்சாலையில் சுமையோடு ஓடிவந்து எஞ்சினைச் சட்டென்று அணைத்தால், எண்ணெய் வரத்து நின்று, சூடான தண்டைச் சுற்றிய எண்ணெய் கருகும். ஆகவே நிறுத்தியபின் சில நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் அறிவுரை. சிங்கப்பூரிலோ, நிறுத்திய வண்டியில் எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது குற்றம். இவ்விரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக நாம் கருதவில்லை. விரைவுச்சாலையிலிருந்து விலகி, பேட்டைச் சாலையில் மெதுவாக வந்து, பலமாடி வண்டி நிறுத்துமிடத்தில் இடம் தேடிச் சுற்றும் அந்தச் சில நிமிடங்களிலேயே டர்போ ஆறிவிடுகிறது. கடைசி ஒரு கிலோமீட்டரை விசை மிதியை அழுத்தாமல் ஓட்டினால் போதும்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது பழைய டர்போவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தண்டு கருநீலமாகக் கருகியிருந்தால் எண்ணெய் போதவில்லை. கீறல் விழுந்திருந்தால் எண்ணெயில் அழுக்கு இருந்தது. இதழ்கள் சிதைந்திருந்தால் காற்றோடு ஏதோ வந்தது. மெக்கானிக் கூறும் காரணமும் தண்டு காட்டும் காரணமும் ஒத்துப்போகவில்லையெனில், எண்ணெய்க் குழாயும் சல்லடையும் பார்க்கப்பட்டனவா என்று பணம் செலுத்துமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.