மின்சார சிகிச்சையும் மயக்க மருந்தும்

மனநோய்ச் சிகிச்சைகளுள், 'ஷாக் வைப்பது' என்று ஜனங்கள் சொல்லும் மின்சார சிகிச்சையைப்போல் பயத்துக்கும் பழிக்கும் ஆளானது வேறொன்று இல்லை. அந்தப் பயத்தை வளர்த்ததில் சினிமாக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஆகாரத்தை அறவே ஒதுக்கி, பேச்சொழிந்து, உயிரை மாய்த்துக்கொள்வது ஒன்றையே நினைத்துக் கிடக்கும் கடும் மனச்சோர்வு நோயாளியை விரைவில் மீட்பதற்கு இதற்கு நிகரான சிகிச்சை அரிது என்பதை மனநோய் வைத்தியர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றனர். இது வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்தில் நாம் இப்போது இறங்கப் போவதில்லை. சிகிச்சைக்குமுன் கொடுக்கப்படும் மயக்க மருந்தைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம். உறவினர்கள் அதைப்பற்றிக் கேட்பதே இல்லை. ஆனால் சிகிச்சை பலிப்பதும் பலிக்காததும் ஓரளவு அதையும் பொறுத்திருக்கிறது.

முதலில் மயக்க மருந்து என்ற பேச்சே கிடையாது. வலிப்பு உண்டாக்கினால் மனநோய் தணியும் என்று கருதி, 1934ல் புடாபெஸ்ட் நகரத்து மெதுனா என்ற வைத்தியர் கற்பூரத்தை ஊசி மூலம் செலுத்தினார். 1938ல் ரோமாபுரியில் செர்லெத்தியும் பினியும் அதே வலிப்பை மின்சாரத்தால் உண்டாக்கினர். வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. 1940ல் அமெரிக்க வைத்தியர் பென்னெட், தென்னமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பு முனையில் தடவும் குராரே என்ற விஷத்தைச் சிறிதளவு கொடுத்துத் தசைகளைத் தளரச் செய்தார். எலும்பு தப்பியது. ஆனால் வேறொரு கொடுமை வந்து சேர்ந்தது. பிரக்ஞையோடு இருக்கும் ஒருவனுக்குக் கை கால் அசையாமல், மூச்சும் விட முடியாமல் போனால் அவன் என்ன பாடுபடுவான்! ஆகவே, முதலில் மயக்கம், பிறகு தளர்ச்சி, அதன்பின் மின்சாரம் என்ற முறை ஏற்பட்டது. 1950களின் தொடக்கத்தில், சில நிமிஷங்களே வேலை செய்யும் சக்ஸினில்கோலின் என்ற தளர்ச்சி மருந்து குராரேயின் இடத்தைப் பிடித்தது.

நமது தேசத்தில் மயக்கமின்றியே இச்சிகிச்சையைச் செய்யும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. மயக்க வைத்தியர்கள் போதாது, செலவு தாங்காது என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. 2017ஆம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தளர்ச்சி மருந்தும் மயக்க மருந்தும் இன்றி இச்சிகிச்சை செய்யலாகாது என்று அது தடை விதிக்கிறது. 2018ல் சட்டம் அமுலுக்கு வந்தது. இத்தடை நியாயமானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதைச் சட்டம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அது வைத்தியரின் பொறுப்பு.

இங்கேதான் ஒரு விசித்திரமான சிக்கல் இருக்கிறது. மற்றச் சிகிச்சைகளில் மயக்கம் ஆழமாக இருந்தால் நல்லதென்று நினைக்கலாம். இதிலோ, நோயைத் தீர்ப்பது மூளையில் எழும் வலிப்பு; மயக்க மருந்துகளிற் பலவோ வலிப்பை அடக்குபவை. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்வதுபோல் ஆகிவிடக்கூடும். மருந்து மிஞ்சினால் வலிப்பு எழாது, அல்லது எழுந்தவுடன் அடங்கிவிடும். அதை ஈடுசெய்ய மின்சாரத்தின் அளவைக் கூட்டினால், ஞாபக மறதி அதிகமாகலாம். மருந்து குறைந்தாலோ, அசைய முடியாத உடலில் நோயாளி விழித்துக்கொள்ளும் பயங்கரம் நேரிடும். வலிப்பு 20, 25 விநாடியாவது நீடிக்கவேண்டும் என்பது பழைய கணக்கு. நேரம் ஒன்றே குணத்துக்கு அளவுகோல் அல்ல என்று இப்போது தெரிந்திருக்கிறது. எனினும் வலிப்பே சரிவர எழாத சிகிச்சையால் பயனில்லை. உடல் தளர்ந்து கிடக்கும்போது வலிப்பு எழுந்ததை எப்படி அறிவது? தளர்ச்சி மருந்து செலுத்துமுன் ஒரு காலில் கணுக்காலுக்குமேல் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுகக் கட்டிவிடுகிறார்கள். மருந்து அந்தப் பாதத்துக்குப் போவதில்லை. உடல் முழுவதும் அசைவற்றிருக்க, அந்தப் பாதம் மட்டும் துடிக்கும். மூளையின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டும் கருவியும் உண்டு.

மருந்துகளில் மெத்தோஹெக்ஸிடால் என்பது அமெரிக்காவில் நெடுங்காலம் முதலிடம் வகித்தது. வலிப்பை அவ்வளவாகக் கெடுக்காது, விரைவில் தெளியும். நம் ஆஸ்பத்திரிகளில் அதிகம் வழங்குபவை தயோபெண்டோனும் புரோபோபாலும். தயோபெண்டோன் பழமையானது, மலிவானது, ஆனால் தெளிவதற்கு நேரமாகும், இருதயத் துடிப்பும் சற்றுத் தடுமாறலாம். (அமெரிக்காவில் அதை உற்பத்தி செய்துவந்த கம்பெனி 2011ல் நிறுத்திவிட்டது. மரண தண்டனை நிறைவேற்ற அது உபயோகப்பட்டதால் எழுந்த தகராறே காரணம். மருந்துக்கு வந்த விதியைப் பாருங்கள்!) புரோபோபால் கொடுத்தால் நோயாளி சுகமாக விழிக்கிறார், ரத்த அழுத்தமும் அதிகம் ஏறுவதில்லை.  ஆனால் வலிப்பைச் சுருக்குவதில் அதுவே முன்னணியில் நிற்கிறது. எட்டோமிடேட் வலிப்பைச் சுருக்காது. எனவே வலிப்பு எளிதில் எழாத முதியவர்களுக்குக் கைகொடுக்கும். வாந்தியும், அட்ரினல் சுரப்பியின் வேலை சில மணி நேரம் தடைப்படுவதும் அதன் குறைகள். கேட்டமின் வலிப்பைக் கெடுப்பதில்லை. தனியாகக் கொடுத்தாலே மனச்சோர்வைத் தணிக்கும் குணமும் அதற்கு உண்டு. ஆகவே இரட்டைப் பலன் கிட்டும் என்று பலர் ஆவலோடு எதிர்பார்த்தனர். ஆனால் 2017ல் பிரசுரமான ஸ்காத்லாந்து ஆராய்ச்சியில், கேட்டமின் பெற்றவர்களுக்கும் புரோபோபால் பெற்றவர்களுக்கும் தேவைப்பட்ட தடவைகளில் வித்தியாசம் காணப்படவில்லை. ரத்த அழுத்தம் ஏறுவதும், விழிக்கும்போது குழப்பமும் மாயக் காட்சிகளும் தோன்றுவதும் அதன் பாதகங்கள். எல்லோருக்கும் இதுவே சிறந்தது என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஆளைப் பார்த்தே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் தடவை வலிப்பு குறுகினால், மின்சாரத்தைக் கூட்டுமுன் மயக்க மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று யோசிப்பதே உசிதம்.

தளர்ச்சி மருந்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. சக்ஸினில்கோலினைச் சில நிமிஷங்களில் சிதைத்து ஒழிப்பது ரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்ற பொருள். பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை இப்பொருளை முடக்கிவிடும். கடும் மனச்சோர்வால் பூச்சி மருந்தைக் குடித்து, உயிர் தப்பி, பின்னர் இச்சிகிச்சைக்கு வருவோர் நமது கிராமங்களில் எத்தனை பேர்! ரத்தம் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் வழக்கமான அளவைச் செலுத்தினால், நிமிஷங்களில் திரும்பவேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாமல் போகலாம். தென்னாட்டில் ஆரிய வைசிய சமூகத்தாருள் சிலருக்குப் பிறவியிலேயே இக்குறை இருப்பதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே, "மயக்க மருந்து கொடுத்தபோது குடும்பத்தில் யாருக்காவது மூச்சுத் திரும்பத் தாமதமானதுண்டா?" என்று கேட்பது வெறும் சம்பிரதாயம் அன்று. உறவினரும் எதையும் மறைக்கலாகாது. பூச்சி மருந்து குடித்ததைப் போலீஸுக்குப் பயந்து ஒளிப்பதும், இரவில் கொடுத்த தூக்க மாத்திரையைச் சொல்லாமல் விடுவதும் நோயாளிக்கே தீங்காகும். அத்தகைய மாத்திரைகளிற் பலவும் வலிப்பை அடக்குபவையே.

முறையாகச் செய்யும் இடங்களில் இச்சிகிச்சையால் மரணம் நேர்வது ஒரு லட்சம் தடவைக்குச் சுமார் 2 தான். இந்தப் பாதுகாப்பு தானாக வந்ததல்ல. சிகிச்சை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாக 6 முதல் 12 தடவை வரை நடக்கிறது. இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்று மயக்க வைத்தியர்கள் மாறிக்கொண்டிருந்தால், சென்ற தடவை என்ன மருந்து, எவ்வளவு, வலிப்பு எத்தனை விநாடி என்பது யாருக்கு நினைவிருக்கும்? ஒவ்வொரு நோயாளிக்கும் இவற்றைக் குறித்த ஏடு இருக்கவேண்டும். மனநோய் வைத்தியரும் மயக்க வைத்தியரும் அதைச் சேர்ந்து பார்க்கவேண்டும். சட்டம் போட்ட சர்க்காருக்கும் கடமை உண்டு. மயக்க வைத்தியர் இல்லாத ஊரில் இத்தடையால் நேர்வது, நோயாளியைத் தொலைதூர நகரத்துக்கு அலையவைப்பதுதான். சாப்பிடாமல் கிடக்கும் நோயாளியை அழைத்துக்கொண்டு இருபது மைல், முப்பது மைல் பஸ்ஸில் வாரம் மூன்று முறை எந்த ஏழைக் குடும்பம் போகும்? ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சைக்கென்று மயக்க வைத்தியரின் நேரத்தை ஒதுக்குவதும், எட்டோமிடேட் முதலிய மருந்துகளைத் தட்டின்றிக் கிடைக்கச் செய்வதும் சர்க்காரால் ஆகாத காரியமல்ல. அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்கு இடம் தேடவேண்டும்.