கோயில் வேறு, சபை வேறு

கோயிலை விற்றுவிட்டார்கள் என்றதும் உங்கள் முகம் வாடிவிட்டது. டீ ஆறுவதற்குள் குடியுங்கள், நான் முழுசாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில், வாஷிங்டனுக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் ஆர்லிங்டன். அங்கே கொலம்பியா பைக் சாலையில் பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவச் சபை ஒன்றுக்குச் சொந்தமாகக் கற்கோயில் இருந்தது. காலப்போக்கில் ஆள் குறைந்தது. கட்டடச் செலவு மட்டும் குறையவில்லை. இதுவரை பல ஊர்களில் நடப்பதுதான். அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கோயிலுக்கு ஆள் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, வெளியே இறங்கி அக்கம்பக்கத்தாரின் கஷ்டத்தைக் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது வாடகை. அந்த வட்டாரத்தில் உழைக்கிறவர்களுக்கு அங்கேயே குடியிருக்கக் கட்டுப்படியாகவில்லை.

நகரத்தில் மலிவான வீடு ஏன் எழும்புவதில்லை தெரியுமா? செங்கல், சிமென்ட்டைவிட மனையின் விலைதான் குறுக்கே நிற்கும். சபையிடம் இருந்தது அந்த மனைதான். லாபநோக்கில்லாத வீட்டுவசதி அமைப்பு ஒன்றுக்கு அதைச் சந்தை விலைக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். 2016-இல் கோயில் இடிபட்டது. 2019-இல் அதே இடத்தில் 173 வீடுகள் திறந்தன, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. பெயர் கில்லியம் பிளேஸ். அந்தப் பெயருக்குரிய ரோண்டா கில்லியம் அந்தச் சபையில் மூப்பராக இருந்த கறுப்பினத்தவர்; இல்லாதவர்களுக்குத் துணிமணி சேர்த்துக் கொடுத்தவர்.

அவசரத்தில் செய்ததல்ல இது. அந்தத் திருச்சபையில் கோயில் சொத்தை உள்ளூர்ச் சபை தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. வட்டார மன்றமான பிரஸ்பிட்டரியின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மனசு சம்மதிக்க வேண்டுமே! ஞானஸ்நானம் எடுத்த இடம், மாலை மாற்றிய இடம், அப்பாவின் பெட்டியைக் கடைசியாக இறக்கிவைத்த இடம். எங்கள் ஊர்க் கோயிலில் மூன்றாவது பெஞ்சின் முதுகில் தாத்தா பெயர் வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும். முதல் எழுத்து உதிர்ந்துவிட்டது. அம்மா அந்த இடத்தை ஒரு தடவை தடவிவிட்டுத்தான் உட்காருவாள். அந்த பெஞ்சை விட்டுக்கொடு என்று அவளிடம் கேட்க எனக்கு நா எழாது. ஆர்லிங்டன்காரர்கள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிது என்று அதனால்தான் புரிகிறது.

இப்படி விட்டுக்கொடுப்பது புதுமை என்றும் சொல்ல முடியாது. 4-ஆம் நூற்றாண்டிலேயே மிலான் ஆயர் அம்புரோஸ், சிறைப்பட்டவர்களை மீட்கத் திருப்பாத்திரங்களை உடைத்து உருக்கினார். குறை சொன்னவர்களுக்குத் தம் நூலில் பதிலும் எழுதிவைத்தார்.

ஆங்கிலத்தில் கட்டடத்துக்கும் ஆட்களுக்கும் ஒரே சொல். நமக்கு அந்தக் குழப்பம் இல்லை: கட்டடம் கோயில், ஆட்கள் சபை. ஆர்லிங்டனில் கோயில்தான் போனது. சபை அந்தப் புதுக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கே ஆராதனைக்குத் திரும்பி வந்தது. அதே தளத்தில், புலம்பெயர்ந்து வந்தவர்களுக்குச் சமையல் தொழில் கற்றுக்கொடுக்கும் ஓர் அமைப்பும் அடுப்பு மூட்டியது.

நம் கோயிலையும் இடிக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. நம் வளாகத்தில் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறதல்லவா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கேட்கப்போகிறேன். நீங்களும் கூட வாருங்கள்.