விலை சொல்லாத செய்தி

2023 நவம்பர் 8 அன்று நியூயார்க்கில் சோத்பீஸ் ஏல நிறுவனம் ஓர் ஓவியத்தை 13.94 கோடி டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,160 கோடி ரூபாய். பாப்லோ பிக்காசோ 1932-இல் தீட்டிய 'கைக்கடிகாரம் அணிந்த பெண்' அது. அடர்நீலப் பின்னணியில், வண்ணங்கள் பொங்க நாற்காலியில் அமர்ந்திருப்பவர் மரி தெரேஸ் வால்டர். 1927-இல் பிக்காசோவைச் சந்தித்தபோது அவருக்கு வயது 17, ஓவியருக்கோ 45.

இச்செய்தியைப் படித்த என் பழைய சக பேராசிரியர் ஒருவர், "ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை ஓவியங்களில் போடலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இங்கே எழுதுகிறேன்.

விலை உயர்ந்தால் அளிப்பும் கூடும் என்று வகுப்பறையில் கற்பித்தோம். மறைந்த ஓவியருக்கு அவ்விதி பொருந்தாது. 1973-இல் பிக்காசோ காலமானார். இனி எத்தனை கோடி கொடுத்தாலும் புதிதாக ஓர் ஓவியம் வாராது. எனவே, வாங்க வருவோரின் வேட்கையே விலையை நிர்ணயிக்கிறது.

ஏலத்தில் வெல்பவர் தம்மால் இயன்ற உச்சத் தொகையைத் தர வேண்டியதில்லை. அடுத்த போட்டியாளர் விலகிய தொகைக்குச் சற்று மேலே சென்றால் போதும். போட்டியே இல்லையெனில், விற்பவர் வைத்த குறைந்தபட்ச விலையே எல்லை. ஆக, அந்தத் தொகை உலகம் அளித்த மதிப்பன்று. ஒரு மாலைப்பொழுதில் விரல்விட்டு எண்ணத்தக்க செல்வந்தர்கள் வந்து நின்ற இடம்.

தலைப்புச் செய்தியில் வரும் தொகை முழுவதும் விற்பவருக்குச் சேர்வதுமில்லை. ஏலச் சுத்தியல் விழுந்தது 12.1 கோடி டாலரில். மீதமுள்ள 1.84 கோடி டாலர், வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்திய கட்டணம். பங்குச் சந்தையில் இத்தகைய தரகு கேட்டால் எவரும் திகைப்பர்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் வில்லியம் பாமோல், 1652 முதல் 1961 வரையிலான ஓவிய விற்பனைகளை ஆராய்ந்து 1986-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பணவீக்கம் நீங்கலாக ஓவியங்கள் ஈட்டித் தந்த சராசரி வருவாய் ஆண்டுக்கு 0.55 விழுக்காடு மட்டுமே. அரசுக் கடன் பத்திரங்கள் தந்ததைவிடக் குறைவு. பிற்கால ஆய்வுகள் சில இதைவிடக் கூடுதல் வருவாயைக் காட்டியுள்ளன. ஆனால், அத்தகைய கணக்குகளில் ஒரு குறை உண்டு. மதிப்பிழந்த ஓவியங்கள் பெரும்பாலும் ஏலக்கூடத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. வென்றவை மட்டுமே செய்தியாகின்றன. பரிசுச்சீட்டில் வென்றவரை மட்டும் பார்த்துவிட்டு, சீட்டு வாங்குவது இலாபம் என முடிவு செய்வது போன்றது இது.

அப்படியானால் ஓவியமே வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்கலாம். நாள்தோறும் கண் முன்னே இருந்து அது தரும் மகிழ்ச்சியே அதன் உண்மையான வட்டி. பிக்காசோவின் இந்த ஓவியத்தை 1968-இல் வாங்கிய எமிலி ஃபிஷர் லாண்டா, 2023-இல் மறையும் வரை, ஏறத்தாழ 55 ஆண்டுகள், அதைத் தம்மிடமே வைத்திருந்தார். அவர் பெற்ற வருவாயில் அந்த ஆண்டுகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நண்பரிடம் முடிவாகச் சொன்னது இதுதான்: ஓய்வூதியப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். பிடித்த ஓவியம் ஒன்று கைக்கெட்டும் விலையில் கிடைத்தால், திரும்ப விற்கும் எண்ணமின்றி வாங்குங்கள்.