தொப்பி வீட்டின் ஓட்டைகள்

கனடா நாட்டில் விண்ணிப்பெக் என்றொரு நகரம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்குவது உண்டு. அந்த ஊரில் 1968ஆம் ஆண்டு ரே ஒலெக்கோ என்பவர் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு ஒன்றைச் செய்தார். நீளம் 13 அடி. எடை அரை டன்னுக்கும் குறைவு. பகலில் மேசையும் இருக்கையுமாக இருப்பது இரவில் படுக்கையாக மாறும். ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, சில அலமாரிகள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஆங்கிலேயர் அணிந்த உருண்டைத் தொப்பி போல இருக்கும். அந்தத் தொப்பியின் பெயரே வண்டிக்கும் வந்தது: போலர்.

ஒலெக்கோ அதற்கு முன்பு வடிவமைத்தது என்ன தெரியுமா? கண்ணாடி இழையால் ஆன கழிவுநீர்த் தொட்டி! தண்ணீர் வெளியே கசியக்கூடாத தொட்டியைச் செய்தவர், தண்ணீர் உள்ளே கசியக்கூடாத வீட்டைச் செய்தார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

அந்நாளில் மற்ற டிரெய்லர்கள் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்துச் செய்யப்பட்டன. கூரையும் சுவரும் சேரும் இடங்களில் எல்லாம் இணைப்புகள் இருந்தன. சாலைக் குலுக்கலில் இணைப்பு விடும், மழைநீர் இறங்கும், உள்ளே மரம் மக்கும். வெளியே தகடு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே சட்டம் உளுத்துப் போயிருக்கும். போலரில் இரண்டே ஓடுகள். கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டையும் நடுவில் வைத்து ஒட்டிவிட்டால் முட்டை போல ஆகிவிடும். 1980களோடு போலர் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் அன்று செய்த வண்டிகள் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. இதே வகை வண்டியை அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் பேக்கஸ் என்ற ஊரில் 'ஸ்கேம்ப்' என்ற பெயரில் இன்னும் செய்கிறார்கள்.

கண்ணாடி உடையாதா?

கண்ணாடியில் வீடா, உடைந்துவிடாதா என்று கேட்பீர்கள். கண்ணாடியை மயிரிழை போல மெல்லியதாக இழுத்தால் அது இழுவிசையை வியக்கத்தக்க அளவு தாங்கும். ஆனால் இழை வளையும், சாயும், தானாக நிற்காது. எனவே அதை பாலியெஸ்டர் பிசினில் தோய்க்கிறார்கள். கூழாக இருக்கும் பிசினில் சிறிது தூண்டியைக் கலந்தவுடன், அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கு இடையே ஸ்டைரின் என்ற பொருள் பாலம் போடத் தொடங்கும். அரை மணி நேரத்தில் கூழ் கல்லாகிவிடும். அப்போது வெப்பமும் வெளிப்படும். கலந்த பிசினைக் கிண்ணத்தில் நிறைய மிச்சம் வைத்தால் புகையே வரும்!

இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் வடிவத்தைக் காக்கிறது. கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்து வேலை செய்வதை எண்ணிக்கொள்ளுங்கள். இரும்பின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் இந்தக் கலவைக்கு. நம் கடற்கரையில் மீனவர்கள் 'ஃபைபர் படகு' என்று சொல்வதும் இதே பொருள்தான்.

ஓட்டின் கனம் சில மில்லிமீட்டர்தான். பிறகு எப்படி நிற்கிறது? ஒரு தாளை எடுத்து ஓர் ஓரத்தைப் பிடித்து நீட்டுங்கள். தொங்கிவிடும். அதே தாளைச் சற்றே வளைத்து, வாய்க்கால் போலப் பிடித்து நீட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும். வளைவு தரும் விறைப்பு இது. தொப்பி வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல.

பகைவன் எங்கே நுழைகிறான்?

ஆக, ஓடு மக்காது, துருப்பிடிக்காது, கசியாது. பிறகு பராமரிப்புக்கு என்ன வேலை? இங்கேதான் செய்தி இருக்கிறது. ஓடு கசியாது, ஓட்டில் நாம் போட்ட ஓட்டைகள் கசியும். ஜன்னலுக்கு வெட்டிய இடம், கூரைக் காற்றுத் திறப்பு, விளக்குக் கம்பி நுழையும் துளை, அலமாரியைத் தாங்கும் ரிவெட் ஆணிகள் ஆகிய ஒவ்வொன்றும் முட்டையில் குத்திய ஊசித் துளை. அந்த வண்டிகளின் உள் அலமாரிகளை ஓட்டோடு ரிவெட் அடித்துப் பொருத்தினார்கள். ஆணியின் தலை வெளியே மழையில் நிற்கும். நூறு ஆணி என்றால் நூறு ஓட்டை!

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. நீர் நுழைந்த இடத்தில் தெரியாது. ஓட்டின் உட்புறத்தில் வழவழப்பாக வழிந்து, எங்கோ ஒரு மூலையில் சொட்டும். கடைசியில் தரைக்குப் போய்ச் சேரும். தரை மட்டும் பிளைவுட் பலகை. அடிப்புறத்தில் இழையும் பிசினும் பூசப்பட்டிருப்பதால் நீர் கீழே வடியவும் வழியில்லை. பலகை ஊறி மக்கும். பழைய வண்டி வாங்குவோர் முதலில் வண்ணத்தைப் பார்ப்பதில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையின் மூலைகளைக் குத்திப் பார்ப்பார்கள்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் மூடி, கூரைத் திறப்பின் வழியாக மின்விசிறி ஒன்றால் உள்ளே காற்றை ஊதுவார்கள். உள்ளே அழுத்தம் சற்று உயரும். வெளியே சோப்பு நீரைத் தெளித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி குமிழியாகக் கிளம்பும். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

கண்ட இடத்தில் சிலிக்கோன் பசையைப் பிதுக்கிவிடுவது பலருக்கு வழக்கம். அது சரியல்ல. நாளடைவில் சிலிக்கோன் ஓரம் கிளம்பும். அதைச் சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சும். அதன் மேல் வேறு பிசினோ வண்ணமோ ஒட்டாது. சிலிக்கோன் தன்மேலேயே ஒட்டாது! ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, பழைய பசையை முழுதும் எடுத்து, இறுகாமல் மெதுவாகவே இருக்கும் பியூட்டைல் நாடாவை வைத்துத் திரும்ப முடுக்குவதே நிலைக்கும் வழி. வண்டி குலுங்கும்போது அந்த நாடா நெளிந்துகொடுக்கும், விரிசல் விடாது.

தேவையில்லாத துளையை ஓட்டுப்போட்டு அடைத்தும் விடலாம். துளையின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, இழைத் துண்டுகளைச் சிறிதிலிருந்து பெரிதாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசினில் தோய்த்து வைக்க வேண்டும். பழைய ஓட்டில் வேதிவினை எப்போதோ முடிந்துவிட்டது. புதுப் பிசின் அதனுடன் பாலம் போடாது. சொரசொரப்பைப் பற்றித்தான் நிற்கும். ஆகவே தேய்ப்பதில் சோம்பல் கூடாது. தேய்க்கும்போது பறக்கும் தூசியில் கண்ணாடித் துகள் இருக்கும். முகமூடி அணியாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. தூண்டித் திரவம் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் வேண்டும். மேற்பூச்சைப் பூசிய பின் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும்.

வெயிலின் புற ஊதாக் கதிர்களால் இந்த மேற்பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல வெளுத்துச் சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டும். கழுவி, மெருகேற்றி, மெழுகு பூசினால் போதும்.

மூடக்கூடாத ஓட்டைகள்

எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டோம், வீடு முட்டை ஆகிவிட்டது என்று மகிழ முடியாது. உள்ளே மனிதர் தூங்க வேண்டுமே! கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் உள்ளே சுமார் 10 கன மீட்டர் காற்று இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகம் போனால் 17 கிராம் நீராவியைத் தாங்கும். மொத்தம் 170 கிராம். தூங்கும் மனிதர் ஒருவர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஓரிரவில் கால் லிட்டர் அளவு நீரை வெளியிடுகிறார். இருவர் என்றால் அரை லிட்டர். மிச்ச நீர் எங்கே போகும்? வெளியே குளிர், ஓடு குளிர்ந்திருக்கிறது. அதன்மேல் துளித்துளியாகப் படியும். காலையில் படுக்கை நனைந்திருந்தால் கூரை ஒழுகியது என்று எண்ணிவிடுவார்கள். ஒழுகியது அவர்களுடைய மூச்சு!

இதற்காகவே ஓட்டின் உட்புறத்தில் நுரைப் படலம் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அது உள்பரப்பு அதிகம் குளிராமல் காக்கும். அதோடு கூரைத் திறப்பையும் எதிரே ஒரு ஜன்னலையும் இரவு முழுவதும் இரண்டு விரல் அளவாவது திறந்து வைக்க வேண்டும்.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. குளிர் தாங்காமல் சமையல் அடுப்பையே கணப்பாக எரியவிட்டு, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தூங்கினால் என்ன ஆகும்? ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகும். கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. எனவே பழைய வண்டி வாங்கியவர் முதலில் வைக்க வேண்டிய கருவி குளிர்சாதனப் பெட்டி அல்ல, இந்த வாயுவைக் கண்டு கூவும் எச்சரிக்கைக் கருவி.

அடுப்புக்கு வரும் வாயுவுக்கும் தனி எச்சரிக்கைக் கருவி உண்டு. அதைத் தரையை ஒட்டி வைக்கிறார்கள். ஏன்? புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது; கசிந்தால் கீழே தேங்கும். வாயு உருளை வண்டிக்கு வெளியே, இழுக்கும் சட்டத்தின் மேல் நிற்பதும் இதனால்தான். நம் வீட்டு உருளையில் பியூட்டேனும் கலந்திருக்கிறது. அதை விண்ணிப்பெக் குளிரில் வைத்தால் அடுப்பு சரியாக எரியாது. பியூட்டேன் கொதிநிலை ஏறத்தாழ பூஜ்யம். அதற்குக் கீழே அது திரவமாகவே உட்கார்ந்திருக்கும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதிக்கும்.

எதை, எங்கே வைப்பது?

வண்டிக்கு வேண்டிய கருவிகளை வாங்குவது எளிது. வைக்கும் இடம்தான் கணக்கு. முன்னால் கார்க் கொக்கியின் மேல் வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அழுந்த வேண்டும். சாமானோடு 600 கிலோ என்றால் 60 முதல் 90 கிலோ வரை. இது குறைந்து, பாரம் பின்னால் போய்விட்டால் வண்டி ஊசல் போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். மெதுவாகப் போகும்போது ஆட்டம் தானே தணியும். வேகம் கூடினால் தணிய நேரமாகும். ஒரு வேகத்தைத் தாண்டினால் தணியாது, வளரும். பின்னால் ஆடும் வண்டி காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

ஒரே ஒரு மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். எடை 20 கிலோ. கொக்கியிலிருந்து அச்சுக்கு 2.5 மீட்டர் என்று கொள்க. மின்கலம் கொக்கிக்கு அரை மீட்டர் பின்னால், அதாவது அச்சுக்கு 2 மீட்டர் முன்னால் இருந்தால், நெம்புகோல் விதிப்படி கொக்கியில் 16 கிலோ அழுத்தும். அதையே அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் வைத்தால் கொக்கியை 12 கிலோ மேலே தூக்கும். வேறுபாடு 28 கிலோ! 70 கிலோ அழுத்திய கொக்கியில் இப்போது 42 கிலோதான். 600 கிலோவில் அது 7 விழுக்காடு. இருபது கிலோப் பெட்டியை இடம் மாற்றியதால் பத்திரமான வண்டி ஆபத்தான வண்டி ஆகிவிட்டது. எடை பார்க்கும் சாதாரணத் தராசைக் கொக்கியின் கீழ் மரக்கட்டையின் மேல் வைத்து இதை அளந்துவிடலாம். பயணத்துக்கு முன் இதைச் செய்யாதவரோடு நான் காரில் ஏறமாட்டேன்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை காலம் நல்லதாகிவிட்டது. பழைய 12 வோல்ட் இழை விளக்கு ஒன்று 18 வாட் இழுக்கும். அதே வெளிச்சத்தை எல்.இ.டி. விளக்கு 2 அல்லது 3 வாட்டில் தருகிறது. மின்கலமும் சிறிதாக இருந்தால் போதும். லித்தியம் மின்கலத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால் கெட்டுவிடும். சூரியத் தகட்டைக் கூரையில் திருகி வைக்காமல், தரையில் வெயில் பார்த்துச் சாய்த்து வைப்போர் உண்டு. வண்டியை மரநிழலில் நிறுத்திக்கொள்ளலாம். கூரையில் நான்கு ஓட்டைகளும் மிச்சம்.

பனி தொடங்குமுன் குழாயில் உள்ள நீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். உறையும்போது நீர் 9 விழுக்காடு விரியும், குழாய் பிளந்துவிடும். வடியாத வளைவுகளில் புரொப்பிலின் கிளைக்கால் ஊற்றி வைப்பார்கள். காரில் ஊற்றும் எத்திலின் கிளைக்கால் நஞ்சு. குடிநீர்க் குழாய்ப் பக்கமே அது வரக்கூடாது. வசந்தத்தில் பனி உருகத் தொடங்கியதும் உரிமையாளர் உள்ளே ஏறி, ஒவ்வொரு ஜன்னலின் கீழும் ரிவெட் வரிசையிலும் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போவார். கை ஈரமானால், அன்றைக்கு மின்விசிறிக்கும் சோப்பு நீருக்கும் வேலை.